பழக்கமில்லாத வேலையை நீங்களே செய்யும்போது: பிரிப்பதற்கு முன் பார்ப்பதும் அளப்பதும் கேட்பதும்

ஒழுகும் குழாய், சாத்த முடியாத கதவு, சுவரில் மாட்ட வேண்டிய அலமாரி என்று இதுவரை செய்திராத ஒரு வேலையை எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். ஒரு காணொளியைப் பார்க்கிறார்கள், பொருள் வாங்குகிறார்கள், பிரிக்கிறார்கள், சிக்கிக்கொள்கிறார்கள், அதன் பிறகுதான் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டிருக்கும், கடை மூடியிருக்கும், பதில் சொல்பவர் கேட்கும் அளவை எடுக்க வேண்டிய உறுப்பு ஏற்கெனவே உடைந்திருக்கும்.

கேட்பதும் வேலையின் ஒரு படிதான். அது பிரிப்பதற்கு முன்னால் வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசைப்படி அமைந்துள்ளன. எடுத்துக்காட்டுகளில் பலவற்றை ஒழுகும் குழாயிலிருந்தே எடுத்திருக்கிறேன், ஏனெனில் புதியவர் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளுக்கும் அந்தச் சிறிய வேலையில் இடம் இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு நோட்டு, அளவு நாடா, டார்ச் விளக்கு, படம் எடுக்கக் கைப்பேசி, ஒட்டிப் பெயர் எழுதத் தாள் டேப், முடிந்தால் விட்டத்தைத் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இந்தப் பட்டியலில் இல்லாதது மறதியால் அன்று. அவற்றின் முறை ஏழாவது படியில்தான் வருகிறது.

1. இதில் கை வைக்கலாமா என்று முடிவு செய்யுங்கள்

வேலை எவ்வளவு கடினம் என்று யோசிப்பதற்கு முன், தவறினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். அலமாரி கோணலாக நின்றால் கழற்றி மறுபடி மாட்டலாம். எரிவாயுக் குழாய் இணைப்பு, வீட்டின் முதன்மை மின்பலகை, எடை தாங்கும் சுவரையோ உத்தரத்தையோ வெட்டுவது ஆகியவற்றில் மறுபடி என்ற வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். இவை முதன்முறை செய்பவருக்கான வேலைகள் அல்ல.

வெளியே சாதாரணமாகத் தெரியும் சில பொருள்களும் இந்தப் பட்டியலில் சேரும். மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் உள்ளிருக்கும் கெபாசிட்டர் 2000 வோல்ட் அளவிலான மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பழைய கல்நார்த் தகட்டில் துளையிடும்போதும், ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் எழும் தூசு அன்று எதையும் செய்யாததுபோல் தோன்றும். கேடு பிறகே தெரியவரும், சில நேரம் பல ஆண்டுகள் கழித்து. ஆகவே, “நானும் இப்படித்தான் செய்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்ற அனுபவச் சான்றுக்கு இவ்விடங்களில் எந்த மதிப்பும் இல்லை.

2. நிறுத்தும் வழியை முந்தைய நாளே சோதியுங்கள்

தண்ணீரை எங்கே நிறுத்துவது, மின்சாரத்தை எங்கே துண்டிப்பது என்பது தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அது உண்மையில் நிறுத்துகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து, நீர் முழுவதும் வடிந்து நிற்கும் வரை காத்திருங்கள். மெல்லிய தாரையாவது வந்துகொண்டே இருந்தால் அந்த வால்வு மூடவில்லை என்று பொருள். அதற்கு மேலே உள்ள வால்வைத் தேட வேண்டும்.

பல ஆண்டுகள் தொடாத வால்வைத் திருப்பும்போது அதுவே ஒழுகத் தொடங்குவது உண்டு. குழாயைச் சரிசெய்யப் போனவர் வால்வை மாற்றுவதில் ஒரு நாளைக் கழிப்பது இப்படித்தான். முந்தைய நாளே சோதிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

மின்சாரத்தில் சோதனை மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் சோதனைக் கருவியை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு துண்டித்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக மறுபடி முதல் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் கருவியே பழுதாகியிருந்தால், மின்சாரம் இருக்கும் கம்பியையும் அது இல்லை என்றே காட்டும்.

3. குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“குழாய் ஒழுகுகிறது” என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எங்கிருந்து, எப்போது, எவ்வளவு என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் வர வேண்டும். மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் குறை உள்ளே நீரை அடைக்கும் வாஷரிலோ, அது அமரும் இடத்திலோ இருக்கிறது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்றி நீர் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்திருக்கிறது. சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அது மரை இணைப்பின் குறை. மூன்றுக்கும் உறுப்பு வேறு, கருவி வேறு, வேலை வேறு.

பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று அறியவும் வழி உண்டு. கைப்பிடி கால் சுற்றிலேயே முழுவதும் திறந்தால் உள்ளே பெரும்பாலும் நீரைத் திறந்து மூடும் பீங்கான் வட்டுகள் கொண்ட காட்ரிட்ஜ் என்ற உறுப்பு இருக்கும். பல சுற்றுகள் திருப்ப வேண்டியிருந்தால் ரப்பர் வாஷர் இருக்கும். இந்த ஒரு தகவலை எழுதினாலே வரும் பதில்களில் பாதிக் குழப்பம் குறைந்துவிடும்.

கதவு சாத்த முடியவில்லை என்பதும் இதே போன்றதுதான். மேல் மூலையில் மட்டும் உரசினால் கீல் தளர்ந்து கதவு சாய்ந்திருக்கலாம், அதற்குத் திருகுகளை இறுக்கினாலே போதும். ஈரமான மாதங்களில் மட்டும் பக்கவாட்டில் இறுகினால் மரம் உப்பியிருக்கிறது, ஏனெனில் மரம் ஈரத்தால் அதன் ரேகைக்குக் குறுக்கே விரிகிறது, நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. காலம் எதுவென்று குறிப்பிடாமல் கேட்டவருக்கு இழைப்புளியால் சீவச் சொல்லிப் பதில் வரும், அவரும் சீவுவார், வறண்ட மாதத்தில் விரல் நுழையும் இடைவெளியோடு கதவு நிற்கும்.

4. உறுப்பின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

பெயர் தெரியாவிட்டால் தேடவும் முடியாது, கடையில் கேட்கவும் முடியாது. உறுப்பைப் படமெடுத்து “இதன் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்பது மிக நல்ல முதல் கேள்வி, அதற்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். கடைக்காரர் சொல்லும் பெயரும் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள பெயரும் வேறாக இருக்கலாம் என்பதால் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. அளவெடுத்துப் படம் பிடியுங்கள்

புதியவர்கள் அதிகமாக இடறி விழுவது இந்தப் படியில்தான். அரை அங்குலக் குழாயின் மரையை வெளிப்புறம் அளந்தால் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். அரை அங்குலம் என்பதோ 12.7 மில்லிமீட்டர்தான். அளந்தவர் தன் குழாய் முக்கால் அங்குலம் என்று முடிவு செய்து, அதற்குரிய இணைப்பை வாங்கி வந்து, அது பொருந்தாமல் திகைப்பார். குழாய் மரையின் அளவு ஒரு பெயர், அளவுகோலில் நேரடியாகத் தெரிவதில்லை. எனவே கேள்வியில் “அரை அங்குலம்” என்றோ “முக்கால் அங்குலம்” என்றோ நீங்களே முடிவு கட்டி எழுதாமல், “மரையின் வெளி விட்டம் 21 மில்லிமீட்டர்” என்று அளந்ததை மட்டும் எழுதுங்கள். பெயரைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

படங்கள் மூன்று வேண்டும். முதல் படம் சற்றுத் தள்ளி நின்று, சுற்றியுள்ளவை எல்லாம் தெரியுமாறு எடுக்கப்பட வேண்டும், ஏனெனில் காரணம் பெரும்பாலும் நீங்கள் பார்க்காத பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது, குறையுள்ள இடத்தை அருகில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தது. மூன்றாவது, மாதிரி எண் பொறித்த தகடு அல்லது ஒட்டுத்தாள். நேராக ஃபிளாஷ் அடித்தால் உலோகம் பளபளத்து விவரம் மறைந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் கீறலும் விரிசலும் நிழலோடு தெளிவாகத் தெரியும்.

படத்தை அனுப்பும் முன் அதில் வீட்டு முகவரி, ரசீது, சாவி, குடும்பத்தினரின் முகம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம் என்பதால் அதை நீக்கிவிட்டு அனுப்புவதே முறை.

6. கேள்வியை எழுதி, வரும் பதில்களைச் சலியுங்கள்

கேள்வியின் முதல் வரியில் நீங்கள் அடைய விரும்பும் முடிவை எழுதுங்கள். நீங்களே கண்டுபிடித்த தீர்வைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஒருவர், “மூன்று மில்லிமீட்டர் ஆணியைக் கான்கிரீட்டில் வளையாமல் அடிப்பது எப்படி?” என்று கேட்டு, சுத்தியலைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் நிறையப் பதில்கள் பெற்றார். அவர் மாட்ட விரும்பியது 20 கிலோ எடையுள்ள கண்ணாடி என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு ஆணியே பொருந்தாது. துளையிட்டு, திருகைப் பிடித்துக்கொள்ளும் சுவர் பிளக்கை அதில் செருகி, திருகு போட வேண்டும். பதில் சொன்னவர்கள் யாரும் தவறாகச் சொல்லவில்லை. கேட்டது தவறான கேள்வி.

ஒரு நல்ல கேள்வி ஏறத்தாழ இப்படி இருக்கும்: “சமையலறைக் குழாயின் சொட்டுதலை நிறுத்த வேண்டும். மூடிய பிறகும் வாயிலிருந்து நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு விழுகிறது, கைப்பிடியைச் சுற்றி ஈரம் இல்லை. கைப்பிடி நான்கு சுற்று திரும்புகிறது. வால்வை மூடிப் பார்த்தேன், நீர் முழுவதும் நிற்கிறது. இன்னும் எதையும் கழற்றவில்லை. என்னிடம் மாற்றக்கூடிய வாய்கொண்ட ஒரு ஸ்பேனர் இருக்கிறது. படங்கள் இணைத்துள்ளேன். வாஷரை மட்டும் மாற்றினால் போதுமா, அது அமரும் இடத்தையும் பார்க்க வேண்டுமா?” இதில் செய்ததும் செய்யாததும் இரண்டுமே இருக்கின்றன. இன்னும் கழற்றவில்லை என்ற வரி மிக முக்கியம். அதைப் பார்த்தவுடன் அனுபவசாலிகள் கழற்றும் முன் கவனிக்க வேண்டியதைச் சொல்லத் தொடங்குவார்கள்.

வந்த பதில்களில் முதலில் தேட வேண்டியது திருப்பிக் கேட்டவரை. சுவர் செங்கல்லா கான்கிரீட்டா, குழாய் எத்தனை ஆண்டு பழையது என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்பவர், தன் பதில் எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்பதை அறிந்தவர். படத்தைப் பார்த்ததற்கான அறிகுறியே இல்லாமல் உடனே உறுதியாகச் சொல்பவர் தன் வீட்டுக் குழாயைப் பற்றிச் சொல்கிறார்.

அவர் எந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகலாம். அமெரிக்காவில் வீட்டு மின்கம்பிகளில் கருப்பு என்பது மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி, வெள்ளை என்பது அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி. இந்திய வீடுகளில் பரவலான வழக்கத்திலும் பிரிட்டனின் பழைய முறையிலும் கருப்புதான் நியூட்ரல், சிவப்பு ஃபேஸ். இன்றைய ஐரோப்பிய முறையில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். “கருப்புக் கம்பியைத் தொடலாம், அதில் ஒன்றும் இருக்காது” என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதியதை இன்னொரு நாட்டில் இருப்பவர் படித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வோல்ட் அளவும் அமெரிக்காவில் 120, இந்தியாவில் 230. குழாய் மரையிலும் இதே சிக்கல் உண்டு: பிரிட்டிஷ் முறையின் அரை அங்குல மரைக்கும் அமெரிக்க முறையின் அரை அங்குல மரைக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள்தாம், ஆனால் முன்னதன் கோணம் 55 பாகை, பின்னதன் கோணம் 60 பாகை. ஒன்றில் மற்றொன்று சில சுற்று நன்றாகவே ஏறும், பிறகு இறுகும், கடைசியில் ஒழுகும். நிறத்தையும் பெயரளவையும் யார் சொன்னாலும் அதை நம்பி வேலை செய்யக் கூடாது. உங்கள் சுவரில் இருப்பதைக் கருவியால் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து பேர் ஒரே பதிலைச் சொன்னால் அது ஐந்து சான்றுகள் ஆகிவிடாது. ஐவரும் ஒரே காணொளியைப் பார்த்திருக்கலாம். காரணத்தோடு சொன்ன ஒரே ஒருவரின் பதிலுக்கு நான் அதிக எடை தருவேன், ஏனெனில் காரணம் இருந்தால் அது என் நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று நானே பார்க்க முடியும். “டெஃப்லான் டேப் சுற்று”, அதாவது மரையில் மெல்லிய வெள்ளை டேப்பைச் சுற்று என்பது வெறும் கட்டளை. “மரையே நீரை அடைக்கும் இணைப்பில் டேப் சுற்று, ரப்பர் வாஷர் அமர்ந்து அடைக்கும் இணைப்பில் தேவையில்லை” என்பது, நம் இணைப்பு எந்த வகை என்று நம்மைப் பார்க்க வைக்கிறது. இறுதியில் தயாரிப்பாளரின் கையேட்டில் அதே செய்தி இருக்கிறதா என்று சரிபார்த்துவிட வேண்டும். கையேடும் பதிலும் முரண்பட்டால் கையேட்டின்படியே போங்கள்.

இரண்டு வகைப் பதில்களைப் படித்தவுடன் ஒதுக்குங்கள். ஒன்று, சுத்தம் செய்யும் திரவங்களைக் கலக்கச் சொல்வது. பிளீச்சோடு அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும்; அம்மோனியாவைக் கலந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். வடிகால் அடைப்பு நீங்காதபோது ஒரு திரவத்தின் மேல் இன்னொன்றை ஊற்றச் சொல்வதும் இதே கலவைதான். மற்றொன்று, பாதுகாப்பு உறுப்பை நீக்கச் சொல்வது: அடிக்கடி போகும் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைப் போடு, எர்த் கம்பியை வெட்டிவிடு என்பவை. இவை குறையைத் தீர்க்காமல் அது வெளியே தெரிவதை மட்டும் நிறுத்துகின்றன.

7. பொருள்களை வாங்கி, நேரத்தைத் தேர்ந்து, பிரியுங்கள்

முடிவு தெளிவான பிறகே வாங்குங்கள். வாஷரும் காட்ரிட்ஜும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்தும் அளவில் மாறுபடுவன. காட்ரிட்ஜில் தண்டின் பற்களின் எண்ணிக்கையும் வலம் இடம் திரும்பும் திசையும்கூட மாறும். பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே சிறந்தது என்பதால், கடை திறந்திருக்கும் நாளின் காலையில் வேலையைத் தொடங்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் குழாயைக் கழற்றுபவர்களை நான் எவ்வளவு சொல்லியும் தடுக்க முடிந்ததில்லை.

கழற்றும் முன் தொட்டியின் வடிகால் துளையைத் துணியால் அடையுங்கள். சிறிய திருகு ஒன்று உருண்டு உள்ளே போனால் அன்றைய வேலை வேறு வேலையாகிவிடும். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாகத் துணியில் அடுக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளானால் கழற்றும் முன்பே தாள் டேப் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். கழற்றிய பிறகு எழுதுவது ஊகமாகவே இருக்கும்.

மீட்கக்கூடிய செயல்களை முதலிலும், வெட்டுதல், துளையிடுதல், ஒட்டுதல் போன்ற மீட்க முடியாதவற்றைக் கடைசியிலும் வையுங்கள். அத்தகைய செயல் ஒவ்வொன்றுக்கும் முன் ஒருமுறை நின்று, பசையின்றியே எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். சுவரில் துளையிடும்போது சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ள பட்டைகளைத் தவிருங்கள், கம்பிகள் பெரும்பாலும் அவ்வழியேதான் போகும். துரப்பணம் வெளியே தள்ளும் தூசையும் கவனியுங்கள்: சிவப்புத் தூசு செங்கல், சாம்பல் நிறத் தூசு சிமென்ட். பூச்சைத் தாண்டியும் வெள்ளையாகவே வந்துகொண்டிருந்து துரப்பணம் திடீரென்று உள்ளே போய்விட்டால், அது வெற்றிடமுள்ள பலகைச் சுவர். செங்கல்லுக்கு வாங்கிய பிளக் அதில் எடையைத் தாங்காது.

8. நடுவில் சிக்கினால் பலத்தைக் கூட்டாதீர்கள்

கழல மறுக்கும் திருகுக்கு மூன்று காரணங்கள் உண்டு: துரு, பசை, தவறான திசை. மிதிவண்டியின் இடது பெடல் எதிர்மரை கொண்டது, அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நீண்ட குழாயை நெம்புகோலாக மாட்டி, முழு உடல் எடையையும் போட்டு அதை மேலும் இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிலைக்கு மேல் பலம் தேவைப்பட்டால், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அப்போது கருவியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். புதிய இடத்தில் புதிதாகத் தொடங்காமல் முதல் கேள்வியின் தொடர்ச்சியாகவே கேட்க வேண்டும். முன்பு பதில் சொன்னவர்களுக்கு உங்கள் நிலைமை ஏற்கெனவே தெரியும். அவர்கள் சொன்னதிலிருந்து எங்கே விலகினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். வெட்கப்பட்டு அதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், ஆனால் காரணம் பெரும்பாலும் அந்த விலகலில்தான் இருக்கிறது.

9. பூட்டிச் சோதித்து, நடந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்

டெஃப்லான் டேப்பை மரையின் முனையைப் பார்த்தவாறு வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது அது அவிழ்ந்து திரண்டுவிடும். முதல் இரண்டு மூன்று சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். விரலால் ஏறாத மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, ஸ்பேனரால் தொடர்ந்தால் மரை பாழாகும்.

வால்வைச் சட்டென்று முழுவதும் திறக்காமல் சிறிது சிறிதாகத் திறங்கள். இணைப்பின் அடியில் உலர்ந்த காகிதத்தைப் பரப்பி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் வட்டமாகத் தெரிந்துவிடும். சிலிகான் பூசியிருந்தால் அதன் உறையில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை, பொதுவாக 24 மணி நேரம், நீர் படாமல் காக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, உங்களுக்குப் பதில் சொன்னவர்களிடம் திரும்பிப் போங்கள். நன்றி மட்டும் சொல்லாமல், குறை எதிலிருந்தது, எந்த அளவு வாஷர் பொருந்தியது, யாருடைய பதில் சரியாக இருந்தது, எது பொருந்தவில்லை என்று எழுதுங்கள். அதே குழாயோடு அடுத்த மாதம் வருபவர் தேடும்போது கிடைக்கப்போவது அந்தக் கடைசி நான்கு வரிகள்தாம்.